இயந்திரம் மறுத்தால் அந்த ஆளுக்கு என்ன வழி?

கேள்வி: நிறுவனங்களுக்கு வருகைப்பதிவு, நுழைவுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து நிறுவித் தரும் சிறு குழுவில் வேலை செய்கிறேன். இப்போதைய வாடிக்கையாளர் ஒரு கிடங்கு நிறுவனம். இரண்டு ஷிப்டில் 1,200 பேர். ஒருவரின் கார்டை இன்னொருவர் தேய்த்து வருகை போடுவதாகப் புகார். கார்டை எடுத்துவிட்டு விரல்ரேகையோ முகமோ வைத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். கருவி விற்பவர் 99.9 சதவீதம் துல்லியம் என்கிறார். தொழிலாளர்களோ, "எங்கள் ரேகையை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் மனிதவள மேலாளர். விரலா, முகமா? எதிர்ப்பை எப்படிச் சமாளிப்பது? ஆறு மாதத்தில் கருவிகள் மூலையில் கிடந்தால் பழி என்மேல்தான் விழும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

விரலா முகமா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "இயந்திரம் ஒருவரை மறுத்துவிட்டது. அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கும்?" என்று எழுதி, அதற்குக் கீழே பதிலை நிரப்புங்கள். யார் வருவார், எதைப் பார்த்துச் சரிபார்ப்பார், எங்கே பதிவாகும், அவருக்கு அன்றைய சம்பளம் எப்படிக் கணக்காகும் என்று எல்லாமும். அந்தத் தாள் நிரம்பாத வரை எந்தக் கருவிக்கும் ஆர்டர் கொடுக்க விடாதீர்கள்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், மூலையில் கிடக்கும் கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை நல்ல கருவிகள்தான். ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் நாலு பேருக்கு ரேகை விழாது. பின்னால் வரிசை நீளும். மேற்பார்வையாளருக்கு வேறு வழி எதுவும் சொல்லப்பட்டிருக்காது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மறுநாளும் அதே. கொஞ்ச நாளில் அந்த நோட்டுதான் வருகைப்பதிவு, கருவி சுவரில் மின்னும் ஒரு விளக்கு. இதில் மேற்பார்வையாளர்மேல் எனக்குக் குறையே இல்லை. அமைத்துக் கொடுத்தவர்கள் விட்ட இடத்தை அவர் தனக்குத் தெரிந்த வழியில் நிரப்பினார், அவ்வளவுதான்.

சரி, அந்த 99.9-க்கு வருவோம். இந்த எண்ணை உங்களிடம் சொன்னவரிடம், "எதில் 99.9?" என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் தவறு இரண்டு வகை. உரியவரை இயந்திரம் ஏற்க மறுப்பது ஒன்று, வேறொருவரை உரியவர் என்று ஏற்பது இன்னொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். நடுவில் இருப்பது வாசல் அளவு என்ற ஒரே ஒரு அமைப்பு, அதாவது எவ்வளவு பொருந்தினால் ஏற்கலாம் என்ற எல்லை. அதை இறுக்கினால் நல்லவர்கள் வெளியே நிற்பார்கள், தளர்த்தினால் யாரும் உள்ளே வரலாம். எந்த வாசல் அளவில், எந்த வகைத் தவறு, எத்தனை பேரை வைத்து, யார் சோதித்தது என்று சொல்லாத துல்லியம் வெறும் விளம்பரம்.

உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 பேர் வரும்போது ஒரு முறை, போகும்போது ஒரு முறை என்றால் ஒரு நாளுக்கு 2,400 முறை. உரியவரை மறுக்கும் தவறு ஆயிரத்தில் ஒன்று என்றால் நாளுக்கு இரண்டு மூன்று பேர், சமாளிக்கலாம். ஆனால் சோதனைக்கூடத்தில் ஆயிரத்தில் ஒன்றாக இருப்பது, தூசியும் வியர்வையும் அவசரமும் உள்ள வாசலில் நூற்றில் ஒன்றாக ஆவது சாதாரணம். அப்போது நாளுக்கு 24 பேர். அதுவும் நாள் முழுக்கப் பரவி வரமாட்டார்கள். ஷிப்ட் மாறும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சேர்ந்து வருவார்கள்.

இன்னொரு வகைத் தவறு இதைவிட ஆபத்து. கார்டை எடுத்துவிட்டு விரலை மட்டும் வைக்கச் சொன்னால், "இது யார்?" என்று இயந்திரம் 1,200 பதிவுகளிலும் தேட வேண்டும். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் தவறாக ஏற்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு இருந்தால், சம்பந்தமே இல்லாத ஒரு விரல் அந்த 1,200-ல் யாராவது ஒருவரோடு பொருந்திப்போக வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். பத்தாயிரத்தில் ஒன்று என்றாலும் சுமார் 11 சதவீதம். விற்பவர் சொன்ன 99.9 இந்த வகையைக் குறிக்கிறது என்றால், அந்தக் கருவியால் உங்கள் வாசலில் தேடல் வேலையைச் செய்யவே முடியாது. அதே கருவியிடம், முதலில் பணியாளர் எண்ணையோ கார்டையோ கொடுத்துவிட்டு, "இந்த எண்ணுக்கு உரியவர்தானா?" என்று மட்டும் கேட்டால் அது ஒரே ஒரு ஒப்பீடு. ஆயிரத்தில் ஒன்று ஆயிரத்தில் ஒன்றாகவே இருக்கும்.

"என் போன் ஒரே பார்வையில் திறக்கிறதே" என்று நிர்வாகத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். போன் செய்வது அந்த ஒரே ஒப்பீடுதான். ஆப்பிள் நிறுவனம் தன் டச் ஐடி என்ற விரல்ரேகைப் பூட்டுக்கு 50,000-ல் ஒன்று, ஃபேஸ் ஐடி என்ற முகப் பூட்டுக்கு 10 லட்சத்தில் ஒன்று என்று சொல்லும் கணக்கும், அறிமுகமில்லாத ஒருவர் ஒரு குறிப்பிட்ட போனைத் திறந்துவிடும் வாய்ப்பைப் பற்றியது. அங்கே பதிவாகியிருப்பது உரிமையாளர் ஒருவர். உங்கள் வாசலில் 1,200 பேர். ஆகவே கார்டைத் தூக்கிப் போடச் சொல்லும் யோசனையை முதலில் நிறுத்துங்கள். கார்டும் விரலும் சேர்ந்தால்தான் உங்கள் வாடிக்கையாளரின் பிரச்சினை தீரும். இன்னொருவர் கார்டைத் தேய்க்கலாம், அந்தக் கார்டுக்கு உரிய விரலைக் கொண்டுவர முடியாது.

சராசரி மறைக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நூற்றில் ஒன்று என்றதும் ஆளாளுக்கு எப்போதாவது ஒரு முறை தவறும் என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பது அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தவறே வராது. ஒரு சிலருக்குத் தினமும் வரும். குரலை வைத்து அடையாளம் காணும் அமைப்புகளை ஆராய்ந்தவர்கள் 1998-லேயே இதைக் கவனித்து, எளிதில் அடங்குபவர்களைச் செம்மறி என்றும் எப்போதும் முரண்டு பிடிக்கும் பதிவு உள்ளவர்களை வெள்ளாடு என்றும் பெயர் வைத்துப் பிரித்தார்கள். உங்கள் கிடங்கின் வெள்ளாடுகள் யார் என்று இப்போதே ஊகிக்கலாம்: அட்டைப்பெட்டியும் கயிறும் தூக்கித் தூக்கி விரல்நுனி தேய்ந்தவர்கள், ரசாயனம் கலந்த தண்ணீரில் தரை துடைப்பவர்கள், வயதானவர்கள், தோல் நோய் உள்ளவர்கள். கேப்சிடபைன் போன்ற சில புற்றுநோய் மருந்துகளால் ரேகை மங்கிப்போனவர்களும் உண்டு.

அப்படி ஒருவர் வாசலில் நிற்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முதல் முறை விரலை வைப்பார், சிவப்பு விளக்கு. சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தி வைப்பார், மறுபடி சிவப்பு. அழுத்த அழுத்த ரேகைக்கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படம் இன்னும் மோசமாகும் என்பது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்கவில்லை. விரலை ஈரப்படுத்திப் பார்ப்பார். பின்னால் இருப்பவர் உச்சுக்கொட்டுவார். காவலாளி, "இவருக்கு எப்பவுமே இப்படித்தான்" என்பார், எல்லோருக்கும் கேட்கும்படி. இத்தனை வருடம் ஒழுங்காக வேலைக்கு வந்த மனிதர், தான் யார் என்று நிரூபிக்க முடியாமல் தன் வேலையிடத்தின் வாசலிலேயே நிற்கிறார். இது தினமும் நடந்தால் அவர் அந்த அமைப்பை வெறுப்பார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் வெறுப்பார்கள். எதிர்ப்பை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டீர்களே, அதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

ஆகவே மாற்று வழியை அமைப்பின் உறுப்பாகவே கட்டுங்கள். இரண்டு முறை மறுத்தால் கருவி தானாகவே மாற்று வழிக்கு மாற வேண்டும். மூன்றாவது, நான்காவது முயற்சிக்கு இடமே வேண்டாம். மாற்று வழி என்பது கார்டும் பின் எண்ணும் ஆகலாம், அல்லது காவலர் திரையில் வரும் புகைப்படத்தோடு ஆளை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பட்டனை அழுத்துவதாக இருக்கலாம். எதுவானாலும் யார் அனுமதித்தார், எத்தனை மணிக்கு என்று பதிவாக வேண்டும். மோசடி செய்ய நினைப்பவர் பலமான கதவை விட்டுவிட்டுப் பலவீனமான கதவுக்குத்தான் வருவார். ஒரே காவலர் ஒரே ஆளை வாரம் முழுக்கக் கையால் அனுமதித்தால் அது அறிக்கையில் தெரிய வேண்டும். தொடர்ந்து மறுக்கப்படுபவர்களை அழைத்து வேறு விரலில் மறுபடி பதிவு செய்யுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அவர்களை நிரந்தரமாக மாற்று வழிக்கே மாற்றிவிடுங்கள். இயந்திரம் மறுத்தது என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் ஒரு மணி நேரச் சம்பளம்கூடப் பிடிக்கப்படாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். இதை வாங்காமல் நான் எந்த இடத்திலும் வேலையைத் தொடங்குவதில்லை.

பதிவு செய்யும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் அதை எழுத்தர் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், நூறு பேர் வரிசை. மதியத்துக்குள் முடிக்கச் சொல்லி உத்தரவு. பதிவு செய்பவர் என்ன செய்வார்? தரம் குறைந்த படத்தை நிராகரிக்கும் அமைப்பைத் தளர்த்திவிடுவார். வரிசை வேகமாக நகரும். அன்று எல்லோரும் பாராட்டுவார்கள். அன்று பதிந்த மங்கலான ரேகையோடுதான் அடுத்த பல வருடங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒப்பீடு நடக்கும். அதைவிட மோசமாக, ரேகை விழாதவரின் பெயரில் பக்கத்தில் நிற்பவரின் விரலை வைத்து முடித்துவிடுவதும் உண்டு. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த அமைப்புக்குள் முதல் நாளே ஆள்மாறாட்டம் புகுந்துவிடுகிறது. அதனால் ஒருவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். இரண்டு கையிலும் இரண்டு இரண்டு விரல்களைப் பதியுங்கள், ஒன்று காயம்பட்டால் இன்னொன்று இருக்கும். மெதுவாக, தட்டையாக, அழுத்தாமல் வைக்கப் பழக்குங்கள். பதிந்த கையோடு அதே இடத்தில் ஒரு முறை சரிபார்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடையாள ஆவணத்தைப் பார்த்து உறுதி செய்பவர் ஒருவர், ரேகை எடுப்பவர் இன்னொருவர் என்று இருந்தால் நல்லது.

இனி, "எங்கள் ரேகையை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வி. இது மிகச் சரியான கேள்வி. அதைக் கேட்டவர்களை எதிர்ப்பாளர்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளரின் பாதுகாப்பு ஆலோசகர்கூடக் கேட்காத ஒன்றை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் கணினிகள் ஊடுருவப்பட்டது 2015-ல் தெரியவந்தபோது, திருடுபோனவற்றில் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகளும் இருந்தன. ஒரு நாட்டின் மத்திய அரசு அலுவலகத்துக்கே அது நடந்தது என்றால், கிடங்கில் படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கும் சர்வரை நம்பச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

"நாங்கள் ரேகைப் படத்தை வைத்துக்கொள்வதில்லை, டெம்ப்ளேட் என்ற எண்தொகுப்பை மட்டும்தான் வைக்கிறோம், அதிலிருந்து ரேகையைத் திரும்ப எடுக்க முடியாது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். முதல் பாதி சரி, இரண்டாவது பாதியை ஏற்காதீர்கள். வழக்கமான டெம்ப்ளேட்டிலிருந்து ரேகை போன்ற படத்தை மறுபடி உருவாக்கி, கருவிகளை ஏமாற்ற முடியும் என்று பொலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டிவிட்டார்கள். டெம்ப்ளேட்டையும் ரேகையைப் போலவே காக்க வேண்டும். அதற்கென்றே ஐஎஸ்ஓ/ஐஇசி 24745 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. உங்கள் கருவி அதைப் பின்பற்றுகிறதா என்று கேளுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு, ஓர் இடத்தில் குவிக்காமல் இருப்பது. டெம்ப்ளேட்டைப் பணியாளரின் கார்டிலேயே வைத்துவிடலாம். வாசலில் கார்டை வைத்து விரலை வைத்தால், ஒப்பீடு கார்டில் உள்ளதோடு நடக்கும். மையச் சர்வரில் ரேகை என்று எதுவும் இருக்காது. கார்டு தொலைந்தால் புதுக் கார்டுக்கு மறுபடி பதிய வேண்டியிருக்கும், அது ஒரு சின்னத் தொந்தரவு. அதற்கு ஈடாக, தொழிலாளர்களிடம் போய், "உங்கள் ரேகை உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கும்" என்று உண்மையாகச் சொல்ல முடியும். இந்த ஒரு வாக்கியம் பத்துக் கூட்டத்துக்குச் சமம். அலுவலகப் பிரிவில் கணினி நுழைவுக்கும் விரல், முகம் போன்ற பயோமெட்ரிக் கேட்டால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக அவரவர் கருவியிலேயே இருக்கும் பாஸ்கீ என்ற சாவி வழியே போங்கள்; அதில் விரலும் முகமும் அவரவர் கருவியை விட்டு வெளியே வருவதில்லை.

கையெழுத்து வாங்கினால் போதும் என்கிற மனிதவள மேலாளருக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், உடற்பயிற்சி மற்றும் பொழுதுபோக்கு மையங்களை நடத்தும் செர்கோ லெஷர் நிறுவனத்துக்கும் அதோடு சேர்ந்த அமைப்புகளுக்கும், வருகைப்பதிவுக்கு முகத்தையும் விரலையும் பயன்படுத்துவதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. 38 இடங்களில் 2,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் தரவு. ஆணையர் சுட்டிக்காட்டிய குறைகள் இரண்டு உங்களுக்கு நேராகப் பொருந்தும்: வேறு வழி உண்டு என்று பணியாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை, கார்டு போன்ற எளிய வழிகள் இருக்க இது ஏன் அவசியம் என்று நிறுவனம் காட்டவில்லை. சம்பளம் கொடுப்பவர் கேட்கும்போது, பணியாளர் "முடியாது" என்று சொல்வது எளிதா? சொன்னால் எதுவும் ஆகாது என்ற நிலை இருந்தால்தான் "சரி" என்பதற்கும் அர்த்தம்.

ஸ்வீடனிலும் 2019-ல் ஒரு பள்ளியில் மாணவர் வருகைக்கு முக அடையாளத்தைச் சோதனையாகப் பயன்படுத்தியதற்காக ஸ்கெலெஃப்டியோ நகராட்சிக்கு இரண்டு லட்சம் குரோனர் அபராதம் விதித்தார்கள். பெற்றோர் சம்மதம் வாங்கியிருந்தோம் என்ற வாதம் செல்லவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008-ல் வந்த சட்டம் இன்னும் கடுமை. எழுத்துப்பூர்வ ஒப்புதலும், எப்போது அழிப்போம் என்ற வெளிப்படையான அறிவிப்பும் கட்டாயம். தனக்கு நேரடி நஷ்டம் எதுவும் நேரவில்லை என்றாலும் ஒருவர் வழக்குப் போடலாம் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. உங்கள் வாடிக்கையாளர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்பதை அவருடைய வழக்கறிஞர் கருவி வாங்குவதற்கு முன்பே எழுதித் தர வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால், வாங்கியதை நியாயப்படுத்தும் பதில்தான் வரும்.

போலி விரல், போலி முகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும். 2002-ல் ஜப்பானில் ட்சுடோமு மாட்சுமோட்டோவின் குழு, ஜெலட்டினால் செய்த விரல்களைக் கொண்டு சோதித்த 11 ரேகைக் கருவிகளையும் ஏமாற்றிக் காட்டியது. 2013-ல் விரல்ரேகை வசதியோடு ஐபோன் வெளிவந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதைத் தாண்டிவிட்டது. அதன்பின் கருவிகள் முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் "உயிருள்ள விரலா என்று பார்க்கும் வசதி உண்டு" என்ற வாய்ச்சொல்லை ஏற்காமல், ஐஎஸ்ஓ/ஐஇசி 30107-3 தரநிலைப்படி வெளி ஆய்வகம் ஒன்று சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அந்த அறிக்கை அதே மாடலுக்கும் அதே மென்பொருள் பதிப்புக்கும் உரியதா என்பதையும் பாருங்கள். அறிக்கை வேறு மாடலுக்கு உரியதாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

இப்போது விரலா, முகமா? உங்கள் கிடங்கைப் பார்க்காமல் சொல்கிறேன், ஆனாலும் யோசிக்கும் வழியைச் சொல்ல முடியும். கையுறை போட்டு வேலை செய்பவர்கள், விரல் தேய்ந்தவர்கள் அதிகம் என்றால் விரல் கஷ்டம். முகத்துக்குக் கையுறை பிரச்சினை இல்லை, தொட வேண்டியதில்லை, வரிசை வேகமாக நகரும். ஆனால் கேமரா வாசலைப் பார்த்தபடி இருந்து, காலை ஷிப்டில் வருபவரின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் முகம் வெறும் நிழலாகத்தான் தெரியும். ஹெல்மெட், முகக்கவசம், உயரம் குறைந்தவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேமராவின் உயரமும் கோணமும் தீர்மானமாக வேண்டும்.

முகத்தில் இன்னொரு பிரச்சினை உண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை நிறுவனம் 2019 டிசம்பரில் 99 தயாரிப்பாளர்களின் 189 முக அல்காரிதங்களை, அதாவது முகத்தை அடையாளம் காணும் கணக்கீட்டு முறைகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கையில், தவறாக ஏற்கும் விகிதம் மக்கள் பிரிவுக்குப் பிரிவு பத்து மடங்கு, சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேல் வேறுபட்டது தெரிந்தது. பெண்கள், முதியவர்கள், ஆப்பிரிக்க, ஆசிய மூலத்தவர் ஆகியோரிடம் பொதுவாகத் தவறு கூடுதல். எல்லா அல்காரிதத்திலும் இந்த வேறுபாடு ஒரே அளவில் இல்லை, சிலவற்றில் மிகக் குறைவு. அதனால் முகம் என்றால் எந்த அல்காரிதம், எந்தப் பதிப்பு, நிஸ்ட் சோதனையில் அதன் பெயர் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், முகத்தை ஒருவருக்குத் தெரியாமலே தூரத்திலிருந்து எடுக்க முடியும் என்பதால் தொழிலாளர்களின் அச்சம் அங்கே இன்னும் கூடும். வாசலுக்கு வைத்த கேமரா நாளை கழிப்பறை இடைவேளையைக் கணக்கெடுக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பார்கள். அதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

என் சாய்வைக் கேட்டால், உங்கள் வாடிக்கையாளருக்குக் கார்டில் டெம்ப்ளேட், கூடவே விரல், தேய்ந்த விரல்காரர்களுக்குக் காவலர் சரிபார்ப்பு. முகத்தை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். கார்டை மாற்றித் தேய்ப்பது உண்மையிலேயே எவ்வளவு நடக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தார்களா? வாசலில் உள்ள சாதாரணக் கண்காணிப்புக் கேமராவின் பதிவையும் கார்டுப் பதிவையும் சில நாட்களுக்கு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். ஒரு பிரிவில், ஒரு ஷிப்டில், பத்துப் பேர் செய்கிற வேலை என்றால் அதற்கு 1,200 பேரின் விரல் தேவையில்லை. அந்த ஷிப்டின் மேற்பார்வையைச் சரிசெய்தால் போதும். அப்படித்தான் தெரியவந்தால், "உங்களுக்கு இது வேண்டாம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஒப்பந்தம் போகலாம். உங்கள் பேச்சை நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும், நம் தொழிலில் அதைவிடப் பெரிய மூலதனம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கெடுத்த பிறகும் தேவை என்று தெரிந்தால் சோதனை ஓட்டத்துக்குப் போங்கள். வழக்கமாக எல்லோரும் அலுவலகப் பிரிவில் தொடங்குவார்கள்: குளிர்சாதன அறை, மென்மையான விரல்கள், எல்லாம் பச்சை விளக்கு. நீங்கள் மிகக் கடினமான பிரிவில் தொடங்குங்கள், சரக்கு ஏற்றி இறக்குபவர்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும். பழைய முறை பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சம்பளம் பழைய முறையில்தான் கணக்காக வேண்டும். எத்தனை பேருக்குப் பதிவே செய்ய முடியவில்லை, எத்தனை முறை உரியவர் மறுக்கப்பட்டார், அவர்களில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் எவை, ஒருவர் வாசலைத் தாண்ட எத்தனை விநாடி என்று குறியுங்கள். தொழிலாளர்களின் பிரதிநிதி ஒருவருக்கும் இந்த எண்களைப் பார்க்கும் உரிமை இருக்கட்டும். கருவி வாங்கும் முன்பே அவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு விளக்குங்கள். என்ன எடுக்கிறோம், எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், வேலையை விட்டுப் போனால் எப்போது அழியும், வேண்டாம் என்றால் என்ன வழி. இந்த ஐந்துக்கும் நேரான பதில் இருந்தால் கூட்டம் கோபமாகத் தொடங்கினாலும் பெரும்பாலும் அப்படி முடியாது.

அழிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. கார்டில் வைக்காத அமைப்புகளில், சர்வரில் அழித்தாலும் வாசலில் மாட்டியிருக்கும் கருவியின் சொந்த நினைவகத்தில் டெம்ப்ளேட் தங்கியிருக்கும். பேக்கப்பிலும் இருக்கும். கருவி பழுதுக்குப் போகும்போது அத்தனை பேரின் ரேகையும் சேர்ந்து பயணம் போகிறது. பழுதுக்கு அனுப்புமுன் துடைப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். விற்பவர் கடையை மூடினாலோ நீங்கள் வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ பதிவுகளைப் பொதுவான வடிவத்தில் தர வேண்டும், தன்னிடம் உள்ளதை அழித்ததற்குச் சான்று தர வேண்டும் என்பதையும் சேருங்கள்.

முதல் வேலை கேமராப் பதிவையும் கார்டுப் பதிவையும் ஒப்பிடும் அந்தக் கணக்கு, இரண்டாவது வெள்ளைத்தாள். சோதனை ஓட்டத்தின் எண்கள் கைக்கு வந்ததும், முக்கியமாகத் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவு என்ற விவரத்தோடு, எனக்கு மறுபடி எழுதுங்கள். வாசல் அளவை எங்கே வைப்பது என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.